ஒட்டிலியம்மாளின் முப்பத்தோரு தப்புகள்

பட்டறையில் யாராவது இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்து, "இந்த ஸ்பிரிங்கை இங்க ஏன் வெச்சோம்னா..." என்று ஆரம்பித்தால் போதும், ஒட்டிலியம்மாள் தகர வாளியைத் தரையில் ஓங்கி வைப்பார். பேச்சு நிற்காவிட்டால் துடைப்பக் கட்டையால் வாளியின் விளிம்பைத் தட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டு ஒன்றைக் கட்டைக் குரலில் எடுத்துவிடுவார். அந்தப் பாட்டை இரண்டாவது அடி வரைக்கும் தாங்கியவர்கள் பட்டறையில் கிடையாது.

"என் காதுல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னா போச்சுதான். அப்புறம் அதைத் தெரியாததா ஆக்க உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. ஆகவே மெக்கானிக்குகள் வெளியே மாடிப்படியில் போய் நின்று பேசி முடித்துவிட்டு வருவார்கள். பிப்ரவரி மாதம் ராச்செஸ்டரில் மாடிப்படியில் நின்று பேசுவதென்றால் மூக்கு நுனி விறைத்துப்போகும். ஆனாலும் போவார்கள். அம்மாளுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது அவர்கள் எல்லாருடைய பிழைப்புக்கும் அவசியம்.

ஜெனிசி அருவிக்குச் சற்று மேலே, ஒரு பழைய செருப்புத் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் இருக்கிறது ஆம்ப்ரோஸ் டில்லிங்கின் கேமராப் பட்டறை. அம்மாளுக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, தரை துடைப்பது. மற்றதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. டில்லிங் புதுப் பெட்டி ஒன்றைச் செய்து முடித்ததும், ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் அதை அம்மாளின் கையில் கொடுப்பார். அம்மாள் அதை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அம்மாள் என்ன தப்புப் பண்ணினாலும் அது பெட்டியின் தப்பு. அந்தத் தப்புக்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை பெட்டி மாடியை விட்டு இறங்காது. பட்டறையின் ஒரே சட்டம் இதுதான்.

சட்டம் பிறந்து எட்டு வருஷம் ஆகிறது. அப்போதெல்லாம் படம் எடுப்பதென்றால் முக்காலியைத் தூக்க ஓர் ஆள், கண்ணாடித் தகடுகளைச் சுமக்க ஓர் ஆள், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எல்லாரையும் அதட்ட ஓர் ஆள் என்று ஒரு சின்ன ஊர்வலமே வேண்டும். அலமாரி செய்துகொண்டிருந்த டில்லிங்குக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு கையில ரொட்டி, இன்னொரு கையில பெட்டி. அப்படி எடுக்கணும் படம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தார். அதைப் பார்த்து மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவர், மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளின் கையில் அதைக் கொடுத்து, "ஒட்டிலியம்மா, அந்த ஜன்னலை ஒரு படம் எடுங்க பாப்போம்" என்றார்.

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். படச்சுருளைக் கழுவிப் பார்த்தால் அதில் ஜன்னலைக் காணோம். அம்மாளின் ஏப்ரனில் இருக்கும் மூன்றாவது பொத்தான், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக இருந்தது. மெக்கானிக்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாளுக்குக் காது சிவந்துவிட்டது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஆறு பக்கமும் கறுப்புத் தோலை ஒட்டி வெச்சிருக்கீங்க. எது மூஞ்சி, எது முதுகுன்னு பெட்டி சொல்லலியே. எனக்கு மட்டும் கனவா வரும்?"

டில்லிங் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெட்டியின் முன்பக்கத்து ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பித்தளை வளையம் ஏறியிருந்தது. சுவரில் ஒரு கரும்பலகையும் ஏறியிருந்தது. அதில் 'ஒட்டிலியம்மா செய்தவை' என்று தலைப்பு. அதன் கீழே 'ஒன்று: பின்பக்கமாகப் பிடித்தது'. அதற்கு எதிரே, வழி கண்டுபிடித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு சரிக்குறி.

இப்போது அந்தப் பலகையில் முப்பத்தோரு வரிகள் இருக்கின்றன. படம் வந்துவிட்டதா என்று பார்க்க அம்மாள் பெட்டியைத் திறந்தார். வெளிச்சம் பட்டு எல்லாம் பாழ். அது நான்கு. இப்போது மூடியைத் திறக்க இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். படச்சுருளை நகர்த்தும் சாவியைத் திருப்ப மறந்து ஒரே இடத்தில் இரண்டு படம் எடுத்தார். அது ஏழு. அதற்காகத்தான் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி ஜன்னல் வந்தது. சாவியைத் திருப்பினால் அதில் ஒன்று, இரண்டு என்று எண் வந்து நிற்கும். சாவியை எதிர்ப்பக்கமாகத் திருப்பியது பதினொன்று. இப்போதெல்லாம் சாவி ஒரு பக்கம்தான் சுற்றும். பொத்தானை மூன்று தடவை அமுக்கியது இருபத்திரண்டு. "சத்தமே கேக்கல. சத்தம் வராம எதாச்சும் நடந்துச்சுன்னா யார் நம்புவா?" என்று கேட்டார் அம்மாள். அதிலிருந்து டில்லிங்கின் பெட்டிகள் அடுத்த அறைக்குக் கேட்கும்படி 'டக்' என்கின்றன. பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் யார் கையில் அந்த 'டக்' கேட்டாலும் அது அம்மாள் போட்ட சத்தம்.

இதில் அம்மாளுக்கு இருக்கும் பெருமையை அளந்து சொல்ல முடியாது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யாராவது வந்தால் அருவியைக் காட்டுவதற்கு முன்னால் பலகையைக் காட்டுவார். வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க, அம்மாள் துடைப்பக் கட்டையால் ஒவ்வொரு வரியாகச் சுட்டிக்காட்டி, "இது நான் பண்ணது. இதுவும் நான் பண்ணது. இதைப் பாரு, இதுக்கு அவங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு" என்பார். பலகையைச் சுற்றியுள்ள சுவரைத் தினமும் துடைப்பவர், பலகையின்மேல் ஒரு விரல்கூட வைக்கமாட்டார். அதில் எழுதுவதும் அழிப்பதும் டில்லிங் மட்டுமே.

மதுத் தொழிற்சாலை வண்டி ஓட்டும் அவருடைய கணவர் கோட்லிப்புக்கு இது தீராத வேடிக்கை. உருளைக்கிழங்கில் உப்பு கூடினால், "இதையும் பலகையில ஏத்தியாச்சா?" என்று கேட்பார். அம்மாள் கோபப்படமாட்டார். "என் உப்பை நீ சொன்னாத்தான் தெரியும். என் தப்பை ஊரே காசு குடுத்து வாங்குது" என்பார்.

புதுப் பெட்டிக்குப் பரீட்சை நாள் என்றால் அம்மாள் வேறு ஆளாகத்தான் படியேறி வருவார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, அதன்மேல் துணியால் செய்த செர்ரிப் பழம் ஒன்று. கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். அந்த ஏப்ரன் பரீட்சைக்கென்றே தனியாக இருக்கிறது. எட்டு வருஷத்தில் அதில் ஒரு பொட்டு அழுக்கு பட்டதில்லை. அன்றைக்கு வாளியைத் தொடமாட்டார். "இன்னிக்குத் தரை அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பார்.

இந்தப் பெருமைக்கு அம்மாள் கொடுத்த விலையும் உண்டு. படம் எடுப்பதைப் பார்த்தால்கூடக் கற்றுக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து, பூங்காவில் யாராவது கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேமராக் கடை வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மருமகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கேமரா, கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. மகள் கல்யாணத்தன்று குடும்பமெல்லாம் படத்துக்கு நின்றபோது அம்மாள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் படத்தில் பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. மகள் அதற்காக ஒரு வருஷம் பேசவில்லை. ஐம்பத்திரண்டு வயதான ஒட்டிலியம்மாளின் முகம் உலகத்தில் எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஊரெல்லாம் கேமரா செய்யும் ராச்செஸ்டரில் இப்படி ஒரு மனுஷி.

புது நூற்றாண்டு பிறந்த இந்த வசந்தத்தில்தான் லீலண்ட் பூத் வந்து சேர்ந்தார். கல்லூரியில் படித்த பொறியாளர், இருபத்தாறு வயது, பென்சிலைக் காதில் செருகாமல் பையில் வைக்கும் பழக்கம். அப்போது டில்லிங் தம் வாழ்நாளின் மிக எளிய பெட்டியை முடிக்கும் தறுவாயில் இருந்தார். சாவியைத் திருப்பு, பொத்தானை அமுக்கு; அவ்வளவுதான், இரண்டே வேலை. ஒன்பது வயதுக் குழந்தை தன் அம்மாவைப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மே மாதம் கடைகளுக்குப் போவதாகப் பேச்சு. பூத் பலகையை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். பிறகு டில்லிங்கிடம் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அம்மா எட்டு வருஷத்துல இருபது பெட்டியைக் கையில வாங்கியிருக்காங்க. இன்னும் இவங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்சவங்க தப்புப் பண்ண மாட்டாங்க. தப்புப் பண்ணாதவங்களை வெச்சுப் பரீட்சை நடத்தி என்ன பிரயோஜனம்? கீழ தெருவுல போற யாரையாவது கூப்பிடுங்க."

பலகையின் இருபத்தொன்பதாவது வரிக்கும் முப்பதாவது வரிக்கும் நடுவே ஒரு வருஷம் இடைவெளி இருந்ததை டில்லிங்கும் கவனித்துத்தான் இருந்தார். கடைசியில், இந்தப் பெட்டியை அம்மாளே பார்க்கட்டும், ஒரு தப்பும் வராவிட்டால் அடுத்த பெட்டியிலிருந்து வேறு ஆள் என்று முடிவாயிற்று. அதை அம்மாளிடம் சொல்லும்போது டில்லிங் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நியாயந்தான் மொதலாளி" என்றார் அம்மாள். வாளியை எடுத்துக்கொண்டு போய், சுத்தமாக இருந்த படிக்கட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

மெக்கானிக்குகளில் மூத்தவர் கொன்ராட். அந்தப் பொத்தான் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது அம்மாளின் பரம விசிறி. பரீட்சை அன்று காலை பாலத்தில் அம்மாளை மடக்கினார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. விரலை ஓட்டை மேல வெச்சிடு. இல்லாட்டி பெட்டியைத் தலைகீழாப் பிடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"உன் நாற்காலி போயிடும் அக்கா."

"போனா போவட்டும்டா. எட்டு வருஷமா நான் பண்ணதெல்லாம் நெசமான தப்பு. அதனாலதான் அந்த மனுஷன் ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்கா முழிச்சாரு. இன்னிக்கு நான் ஒரு பொய்த் தப்புப் பண்ணி, அதுக்கும் அவரு உக்காந்து முழிக்கவா? பலகையில இருக்குற முப்பத்தொண்ணும் அப்புறம் என்ன ஆவும்? தள்ளு, நேரமாச்சு."

கொன்ராட் தள்ளி நின்றார். செர்ரிப் பழம் ஆட ஆட அம்மாள் பாலத்தைக் கடந்து போனார்.

பட்டறையில் எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள். டில்லிங் பெட்டியை நீட்டினார். வழக்கமாக அம்மாள் ஜன்னலைத்தான் எடுப்பார். அது அசையாமல் நிற்கும் என்பது அவர் சொல்லும் காரணம். அன்றைக்குப் பெட்டியை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னலை நெறைய எடுத்தாச்சு. மொதலாளி, நீங்க போய் அங்க நில்லுங்க" என்றார்.

டில்லிங் போய் நின்றார். அம்மாள் சாவியைத் திருப்பினார். கர்ர் கர்ர் என்று ஒன்பது சுற்று, அறை முழுக்கக் கேட்டது. முதுகில் எண் ஒன்று வந்ததும் பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். டக்.

ஒரு தப்பும் இல்லை. பித்தளை வளையம் சரியான பக்கம் பார்த்தது. விரல் எங்கேயும் குறுக்கே வரவில்லை. ஒரே தடவைதான் அமுக்கினார். பூத் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு இட்டார். டில்லிங்குக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தப் பெட்டிக்காகப் பட்ட பாடு ஜெயித்துவிட்டது. அதே டக்கில் அம்மாளின் அந்த இரண்டாவது வேலை போய்விட்டது. "பிரமாதம்" என்று சொல்ல வாயெடுத்தவர், பெட்டியை வாங்கக் கையை மட்டும் நீட்டினார்.

அம்மாள் பெட்டியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். ஆனால் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மொதலாளி? இனிமே நான் தெரிஞ்சுக்கிட்டா என்ன, தெரியாட்டி என்ன? என்னை ஒரு படம் எடுங்களேன். என் பொண்ணுக்கு ஒண்ணு குடுக்கணும். ரொம்ப நாளா அவ கிட்ட கடன்."

அம்மாள் ஜன்னலருகே போய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டில்லிங் நின்ற அதே இடத்தில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏப்ரனின் மேல் வைத்துக்கொண்டார். எட்டு வருஷமாகக் கேமராவைப் பார்த்து முகம் திருப்பியவர், முதல் தடவையாக நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை, பலகையைக் காட்டும்போது நிமிருமே தலை, அப்படி நிமிர்ந்திருந்தது. டில்லிங் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டக்.

பெட்டி இருட்டறைக்குப் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கொன்ராட் ஈரம் சொட்டும் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ரெண்டு படம் எடுத்தோம், ஒண்ணுதான் இருக்கு. ஆனா அதுல ரெண்டு பேர் இருக்கீங்க."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் முன்னால் டில்லிங் நிற்கிறார். அவருக்குள்ளேயே ஒட்டிலியம்மாளும் நிற்கிறார். அவர் கோட்டுக்கு ஊடாக வெள்ளை ஏப்ரன் தெரிகிறது. அவர் நெற்றியின் நடுவில் அந்தச் செர்ரிப் பழம்.

"அம்மா சாவியைத் திருப்பலை" என்றார் பூத்.

"நல்லாத் திருப்பினேன் தம்பி. கர்ர் கர்ருன்னு ஒம்போது எண்ணினேன். ஒண்ணாம் நம்பர் வந்துச்சு, அப்புறந்தான் அமுக்கினேன். நீங்களும் இங்கதானே நின்னீங்க?"

எல்லாரும் கேட்டிருந்தார்கள். அந்தக் கர்ர் ஒரு தடவைதான் கேட்டது என்பதும் இப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"நான்தான் திருப்பலை" என்றார் டில்லிங். தம் பெட்டியை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் புரட்டிப் பார்த்தார். "இதைச் செஞ்சவனே நான்தான். அந்தச் சிவப்புக் கண்ணாடியை வெச்சவனும் நான்தான். ஆனா அது முதுகுல இருக்கு. நான் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தேன், ஒட்டிலியம்மா."

"பின்ன? படம் எடுக்கறவன் எதிர்ல நிக்கிற மூஞ்சியைப் பாப்பானா, பெட்டியோட முதுகைப் பாப்பானா?" என்றார் அம்மாள். "நாம இத்தனை வருஷமா ஜன்னலையே எடுத்துக்கிட்டிருந்தோம் மொதலாளி. ஜன்னலைப் பாத்து யாருக்கும் ஒண்ணும் மறந்துபோவாது. இது புள்ளைங்க பெட்டின்றீங்க. அதுங்க அம்மா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எடுக்கும்." பிறகு பூத்தின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சவங்க தப்புப் பண்ண மாட்டாங்கன்னு சொன்னீங்களே தம்பி. இவரை விடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க, சொல்லுங்க?"

பூத் குறிப்பேட்டில் தாம் அடிக்கோடிட்டிருந்த வரியைப் பார்த்தார். நல்ல பிள்ளை, அதை உடனே அடித்துவிட்டார்.

மே மாதமாவது ஒன்றாவது, இதற்கு ஒரு வழி பிறக்கும்வரை பெட்டி படியிறங்காது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் டில்லிங் பலகைப் பக்கம் போகவில்லை; அந்த ஈரக் காகிதத்தையே பார்த்தபடி நின்றார். அம்மாள் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாமே நடந்து, எட்டு வருஷமாக ஒரு விரல்கூட வைக்காத அந்தக் கரும்பலகையின் முன்னால் போய் நின்றார். சாவியைத் திருப்ப மறந்த அந்த ஏழாவது வரியைத் தேடிப் பிடித்தார். அழுக்கே படாத அந்த வெள்ளை ஏப்ரனின் நுனியை நாக்கில் நனைத்து, அந்த வரிக்கு எதிரே இருந்த சரிக்குறியை அழுத்தித் துடைத்தார்.